தேயாத குஷன்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. உன் அத்தான் வழக்கம்போல் நான் எழுந்திருப்பதற்குள் செய்தித்தாளில் குறுக்கெழுத்தை நிரப்பிவிடுகிறார். பாதி தப்பு. அங்கே நீயும் பிள்ளையும் மருமகளும் பேத்தியும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். உனக்குக் குளிர் முதலில் காலில்தான் ஏறும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் வீட்டுக்காரரின் சாமான் என்று நான் வாயெடுத்தாலே, பேத்தி அழுகிறாள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். உண்மையிலேயே அந்தக் குழந்தை அவ்வளவு அழுகிறது என்றால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். கடிதத்தில் எனக்கு ஒரு வசதி. நீ நடுவில் வைத்துவிட்டாலும் எனக்குத் தெரியாது, நான் பாட்டுக்குச் சொல்லி முடித்துவிடலாம்.

வீட்டைக் காலி செய்யும் வேலை முக்கால்வாசி முடிந்தது. ஒன்றாம் தேதி புதிதாகக் குடிவருகிறார்கள். பீரோவும் கட்டிலும் போய்விட்டன. உன் தையல் மெஷினை நீ சொன்னபடியே உன்னிடம் தையல் கற்றுக்கொண்ட அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று. பாக்கி இருப்பது மாப்பிள்ளையின் நாற்காலியும் ஹெட்போனும்தான். "இருபத்தாறு வருஷம் அதுகூடத்தான் அவர் குடும்பம் நடத்தினார். வர்ற விலைக்குத் தள்ளிவிடு. என் கண்ணுல காட்டாதே" என்று விமானத்துக்குக் கிளம்பும்போது நீ சொன்னது நினைவில் இருக்கிறது. மாப்பிள்ளை போய் எட்டு மாதத்தில் நீ அவரைப் பற்றி என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது ஒன்றுதான்.

விற்கப் போகிற பொருளைச் சுத்தம் செய்துதானே கொடுக்க வேண்டும்? அதைத்தான் நானும் செய்தேன். காதில் படும் இரண்டு குஷன்களும் பழசாகி, தொட்டால் கறுப்புத் தூள் உதிர்ந்தது. கடையில் புதுசாக ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். பழையதைக் கழற்றும்போது, உள்ளே தகட்டில் இரண்டு பக்கமும் பென்சிலால் 47 என்று கிறுக்கியிருந்தது. வரைபடம் வரையும் வேலையில் இருந்தவர், அளவு எதையாவது குறித்து வைத்திருப்பார் என்று நினைத்து, ரப்பர் வைத்து இரண்டையும் அழித்தேன். முப்பத்து நாலு வருஷம் டீச்சராக இருந்த கை. பென்சில் கிறுக்கலைக் கண்டால் சும்மா இராது.

பிறகு, பழுது பார்க்கும் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்குப் போனேன். முதல் கடைக்காரர் அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். இப்போதெல்லாம் கம்பி இல்லாததுதான் ஓடுகிறது என்று சொல்லி, இரண்டு கிலோ தக்காளிக்கு ஆகும் விலையைச் சொன்னார். கொடுத்திருப்பேன். பக்கத்துக் கடையில் சாலிடரிங் செய்துகொண்டிருந்தவர்தான் தலையை நிமிர்த்தாமலே, "அம்மா, அதைக் காதக்காகிட்ட காட்டாம குடுத்துடாதீங்க" என்றார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. முப்பத்தெட்டுப் படி, எண்ணினேன், முழங்காலும் எண்ணியது. ஒரு கட்டிலுக்கும் ஒரு மேசைக்கும் போதுமான அறை. கட்டிலுக்குப் பதிலாக அலமாரி. அலமாரி முழுக்க ஹெட்போன்கள், தலை இல்லாமல் மாட்டி வைத்தது போல். காதக்கா என்றதும் எனக்கு மூத்தவராக இருக்கும் என்று நினைத்தேன். நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். ஒல்லியான பெண். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி, மேசையில் சமையலறைத் தராசு. பழைய ஹெட்போன்களை, அதிலும் கம்பெனி செய்வதை நிறுத்திவிட்ட மாடல்களை, இன்னது என்று கண்டுபிடித்து விலை சொல்வதும் பழுது பார்ப்பதும்தான் தொழில். உட்காருங்கள் டீச்சர் என்றார். டீச்சர் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு பொருளைக் கொடுக்கும்போதே அதைப் பற்றிய முன்னுரையும் சேர்த்துக் கொடுத்தீர்களே, அதில் தெரிந்தது என்றார்.

அவர் பார்த்த விதத்தை உனக்குச் சொல்ல வேண்டும். சாமானில் எழுதியிருக்கும் கம்பெனிப் பேரை அவர் பார்க்கவே இல்லை. பேர் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். மேல் மூடியைக் கழற்றி வேறொன்றில் மாட்டிவிடுவது சுலபம், பேரை முதலில் படித்துவிட்டால் அப்புறம் கண் அந்தப் பேருக்குத் தகுந்த மாதிரிதான் பார்க்கும் என்றார். எனக்கு எழுந்து கை கொடுக்க வேண்டும் போல் இருந்தது. பரீட்சைத் தாள் திருத்தும்போது நானும் பேர் இருக்கும் மூலையை மடித்து வைத்துவிட்டுத்தான் பதிலைப் படிப்பேன். நல்லாப் படிக்கிற பிள்ளையின் பேரைப் பார்த்துவிட்டால் பேனா தானாகவே தாராளமாகிவிடும்.

முதலில் தராசில் வைத்தார். வயரை விரலுக்கு நடுவே ஓட்டினார். அது ஒரு காதுக்குள் மட்டும் போகிறதா, இரண்டுக்கும் தனித்தனியாகப் போகிறதா என்று பார்த்தார். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை வயர் நுனியில் இருக்கும் தடித்த பின்னில் வைத்தார். அறுநூறுக்குப் பக்கத்தில் ஏதோ காட்டியது. அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. வலம், இடம் என்று குறிக்கும் எழுத்தை நகத்தால் வருடினார். அதற்குப் பிறகுதான் கட்டைவிரலை எடுத்துப் பேரைப் படித்தார், விடைத்தாளில் மார்க் போட்ட பிறகு மூலையைப் பிரிப்பது போல.

இந்த மாடலை நாலு வருஷம்தான் செய்தார்களாம். முதல் வருஷம் செய்ததில் காதுக் கிண்ணத்தைத் தாங்கும் கவை இரும்பு. பிற்பாடு பிளாஸ்டிக்காக்கிவிட்டார்கள், அதனால் எடை குறையும். முதல் வருஷத்தில் எழுத்தைச் செதுக்கினார்கள், பிற்பாடு பெயின்ட். பிற்பாடு வந்தது வெளியே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் உள்ளே ஒலி தரும் பாகம் வேறு, மீட்டரில் அறுநூறு காட்டாது. இது முதல் வருஷச் சரக்கு. ஆனால் பின்னில் இருக்கும் பித்தளை இந்த வயதுக்குத் தேயாமல் பளபளப்பதைப் பார்த்தால் வெகு காலம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே தூங்கிவிட்டு அப்புறம் விற்றது போல இருக்கிறதே என்றார்.

நீதானே என்னிடம் சொன்னாய்? அந்த மாடல் நின்றுவிட்டது என்று அலமாரியின் மூலையில் கிடந்த கடைசி ஒன்றைக் கடைக்காரர் விலை குறைத்துக் கொடுத்தார், உன் வீட்டுக்காரர் ஏதோ புதையல் எடுத்த மாதிரி வந்து நின்றார் என்று. உங்கள் வீட்டில் நடந்ததை, உங்கள் வீட்டைக் கண்ணால் பார்க்காத ஒருத்தி ஒரு பித்தளைப் பின்னை வைத்துச் சொல்கிறாள். நான் நிறையக் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

இனி என் வண்டவாளம். குஷனை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தவர் பூதக்கண்ணாடியை இறக்கி மறுபடியும் பார்த்தார். "டீச்சர், இங்க ஒரு நம்பர் இருந்திருக்கணுமே" என்றார். அழித்ததைச் சொன்னேன். கம்பெனியில் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டைத் தேடிப் பிடித்து ஜோடி சேர்த்த தொழிலாளி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதுவாராம். அதுதான் இது பிரியாத ஜோடி என்பதற்கு அத்தாட்சி. தேசப்படத்தில் மையைக் கொட்டிவிட்ட பிள்ளையை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி என்னைப் பார்த்தார். பிறகு அவரே சமாதானமாகி, டார்ச்சைத் தகட்டோடு தகடாகச் சாய்த்துப் பிடித்தார். பென்சில் அழுத்திய தடம் மங்கலாகத் தெரிந்தது. நாலு, ஏழு. அந்தப் பக்கமும் நாலு, ஏழு. எனக்குத் தெரிகிறது, வாங்குகிறவர் நம்ப வேண்டுமே என்றார். ரப்பரை எடுப்பதற்கு முன்னால் என் மூன்று மாத ஓய்வூதியம் பெறும். இப்போது இரண்டு.

பழைய குஷன் எங்கே என்றார். பழைய பேப்பர்க்காரருக்குப் போடுகிற மூட்டையில் திணித்து வைத்திருந்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பதில் சொல்லாமலே எழுந்துவிட்டேன். அசல் குஷன் கிழிந்திருந்தாலும் வேண்டுமாம். நல்ல வேளை, பேப்பர்க்காரர் புதன்கிழமைதான் வருவார். மூட்டையைப் பிரித்து எடுத்துவிட்டேன். நாளை கொண்டு போகிறேன். வாங்குவதற்கு ஒருவரை அவரே சொல்லி வைத்திருக்கிறார். இருபத்திரண்டாம் தேதி வருவார்.

உனக்கு இதெல்லாம் வேண்டாத கதை என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

உன்
அக்கா

◆

இருபத்து மூன்றாம் தேதி

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதில் வந்தது. "வித்துடு அக்கா. கதை சொல்லாதே." பிள்ளையின் போனிலிருந்து வந்தது. புள்ளி வைத்து எழுதியிருந்தாய், அதற்கு மட்டும் ஒரு மார்க்.

நேற்று வாங்குகிறவர் வந்தார். நான் விற்கவில்லை. கோபித்துக்கொள்வதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

புதன்கிழமை அந்தக் குஷன்களைக் கொண்டு போனேன் அல்லவா? காதக்கா அவற்றை ஒரு கண்ணாடித் தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எது வலது, எது இடது என்று என்னிடம் கேட்கவில்லை, உள்பக்கக் கொக்கியைப் பார்த்து அவரே பிரித்துக்கொண்டார். பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துப் பலகையைத் தப்புத் தப்பாகப் படிப்பது கேட்டது. நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டும் எனக்குக் கிழிந்த குஷன்தான். நாற்பது பிள்ளைகளின் கையெழுத்தைப் பேர் பார்க்காமல் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்த இரண்டு வட்டத்தில் ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியவில்லை.

பிறகு ஊசி முனையால் காட்டிக்கொண்டே சொன்னார். இடது குஷன் சுற்றிலும் ஒரே சீராக அமுங்கி அப்பளமாகியிருக்கிறது. தோல் வெடித்து, பஞ்சு செத்துப்போயிற்று. வலது குஷன் அப்படி இல்லை. முக்கால் வட்டம் கடையில் வாங்கினது போலவே உப்பலாக இருக்கிறது. பின் ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு தேய்மானம். அந்தப் பிறையில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வெள்ளைத் துணியில் தொட்டு எடுத்து, முகர்ந்து பார்த்து, அவர் தலைக்குச் சாயம் போடுவாரா என்று கேட்டார். மாதம் தவறாமல் போடுவார், உன் துண்டுகளை எல்லாம் பாழாக்கியதற்கு நீ போட்ட சண்டைகள் எனக்குத் தெரியாதா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஆமாம் என்றேன்.

"காதுக்கு யாரும் சாயம் பூச மாட்டாங்க டீச்சர். இந்தப் பக்கம் காதுல உட்காரவே இல்ல. காதுக்குப் பின்னால, முடி மேல தள்ளி வச்சிருக்கார். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்கா."

எனக்கு உடனே ஒரு சந்தேகம். வலது காது கேட்கவில்லையோ என்னவோ, நம்மிடம் சொல்லாமல் வைத்திருந்தாரோ என்றேன். காதக்கா அவசரப்படவில்லை. குஷனைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "கேக்காத காதை எதுக்குத் திறந்து வைக்கணும்? அதை மூடினா என்ன, மூடாட்டி என்ன. இவர் ஒரு காதைப் பாட்டுக்குக் குடுத்துட்டு, இன்னொன்னை வேற எதுக்கோ வச்சிருந்திருக்கார். அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?"

உன் வீட்டில் அவர் பாட்டுக் கேட்கும் அறையை நினைத்துப் பார்த்தேன். அந்த அறைக்கு நான் எத்தனை தரம் வந்திருப்பேன்! வந்தால் உன்னிடம் பேசிவிட்டுப் போவேன். அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

அங்கிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன் நாலு கால்களும் தரையில் நாலு குழி பண்ணியிருக்கின்றன. அதை அந்தக் குழிகளிலேயே சரியாக வைத்து உட்கார்ந்தேன். எதிரே பிளேயர் வைத்திருந்த சுவர், இடப்பக்கம் தெரு ஜன்னல். வலப்பக்கம் உள்ளறைக் கதவு. கதவுக்கு நேரே, உன் மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது. ஒரு நூல்கண்டுகூடக் கிடந்தது. பச்சை.

அந்த நூல்கண்டைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் நீ வருஷக்கணக்காக என்னிடம் சொல்லிச் சொல்லிச் சலித்துக்கொண்ட ஒன்று நினைவுக்கு வந்தது. "நான் மெஷினை நிறுத்தினா போதும்க்கா, மனுஷனுக்கு மூக்குல வேர்த்துடும். டீக்கு வந்து நிப்பார். ஒரு அஞ்சு நிமிஷம் முதுகை நிமிர்த்த விட மாட்டார்" என்பாய். அவர் டீ என்று கேட்பாரா என்று நான் ஒரு தரம் கேட்டேன். கேட்க மாட்டார், சும்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பார், வேற எதுக்கு நிற்பார், டீக்குத்தான் என்றாய். நானும் சிரித்தேன்.

இப்போது வகுப்பில் கேட்பது போல் ஒரு கேள்வி கேட்கிறேன். இரண்டு காதையும் மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு, பக்கத்து அறையில் மெஷின் நின்றது எப்படித் தெரியும்?

உன் தரப்பையும் நான் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் அவர் கதவில்லாத ஓர் அறைக்குள் போய்விடுவார் என்று நீ சொல்வாய். அப்படித்தான் தோன்றும், எனக்கும் தோன்றியது. அதனால் நீ அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாய். சாப்பாட்டுக்குக்கூடப் பிள்ளையை அனுப்பித் தோளைத் தட்டச் சொல்வாய். கேட்காதவரை எதற்குக் கூப்பிட்டு வாய் வலிக்க வேண்டும் என்பது உன் கணக்கு. அவர் கணக்கு என்ன என்று இத்தனை வருஷம் ஒருவருக்கும் தெரியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் அடுத்தடுத்த அறையில் இருந்த இரண்டு அழுத்தக்காரர்களை நான் இனிமேல் திட்டி என்ன ஆகப் போகிறது?

நேற்று வந்தவர் நல்ல மனிதர். ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பித்தளையையும் இரும்புக் கவையையும் மெச்சினார். டார்ச்சைச் சாய்த்து அந்த 47ஐக்கூடப் பார்த்து ஒப்புக்கொண்டார். குஷனைப் பார்த்ததும்தான் உதட்டைப் பிதுக்கினார். ஒரு பக்கம் செத்து ஒரு பக்கம் புதுசாக இருந்தால் ஜோடி என்று சொல்ல முடியாதாம், அதற்காக விலையில் கால்வாசி குறைத்தார். காதக்கா வியாபாரி. இந்தக் கைமாற்றில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனாலும் அவர் அந்த மனிதரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நான் விலை சொல்ற பொம்பள. சாமானுக்கு விலை சொல்லிட்டேன். இந்தக் குஷனை உங்க தங்கச்சி ஒரு தடவை பார்த்துட்டாங்களான்னு மட்டும் கேக்கறேன்."

இல்லை என்றேன். அப்படியானால் இன்றைக்குக் கடை மூடியாயிற்று என்று சொல்லிவிட்டார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. வந்தவர் சிரித்துவிட்டு, முடிவு செய்த பிறகு கூப்பிடுங்கள், நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன் என்று போனார்.

முதுகலை படித்தவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும். தெரிந்ததை எங்கே சொல்லலாம், எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்பது அந்த இரண்டாம் மாடிப் பெண்ணுக்குத் தெரிந்த அளவு எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் தெரிந்ததில்லை, என்னையும் சேர்த்து. அவர் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் பார், ஆறு பக்கம் எழுதிவிட்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ விற்கச் சொன்னால் விற்றுவிடுவேன், மறுபேச்சு பேச மாட்டேன். அது உன் சாமான். நான் கண்டது ஒரு தேய்மானத்தைத்தான். மனுஷர் மனசை ஒரு குஷனில் படித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கே தைரியம் இல்லை. அவர் நிலையில் சாய்ந்து நிற்கும்போது எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது உனக்குத்தான் தெரியும். நீ அப்போது ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். ஆனாலும் யோசித்தால் ஏதாவது ஒரு நாள் நினைவுக்கு வரும்.

வலது குஷனை மட்டும் இந்தக் கடிதத்தோடு பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன். உறைக்குள் கை விடும்போது பார்த்து எடு, பின் ஓரம் உதிர்கிறது. துடைக்காதே. பேத்தியிடம் கொடுக்காதே. மருமகள் என்ன என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்.

உன் தெம்புக்கும் தூக்கத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் எந்த நேரமானாலும் கூப்பிடு. அழுதுகொண்டே கூப்பிட்டாலும் பரவாயில்லை. நான் இங்கே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

என்றும் உன்
அக்கா